ரீங்காரச் சிட்டும் இரண்டு நாய்க்குட்டிகளும்: பீனிக்ஸ் வெயிலில் ஒரு தாத்தாவின் கேள்வி

கடிதம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலிருந்து 66 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கரிசல் காட்டுப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு, பீனிக்ஸ் நகரை ஒட்டிய ஓர் ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் மாலைதான் திரும்புவார்கள். கொல்லைப்புறத்துக்கு வரும் ஹம்மிங்பேர்டுகளும் (தேன்சிட்டு என்று எழுதுகிறார்), மருமகன் வாங்கிக் கொடுத்த கேமராவும்தான் ஒரு வருஷமாக இவருக்குப் பகல் துணை.

மே மாதக் கடைசியில் பேத்திக்காக இரண்டு நாய்க்குட்டிகளை வாங்கி வந்தார்கள். ஒரே ஈற்றில் பிறந்தவை, இரண்டும் ஆண். இப்போது ஒன்பது வாரம் ஆகிறது. ஒரு தடுப்பூசி போட்டாயிற்று. வீட்டுக்குள் விட்டால் கம்பளத்தில் அசுத்தம் செய்துவிடுகின்றன என்று, பகல் முழுக்கப் பின்வாசல் தாழ்வாரத்தில் மின்விசிறியும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்து விட்டிருக்கிறார். "எங்கள் ஊரில் கத்திரி வெயிலிலும் நாய் தெருவில்தானே கிடக்கிறது?" என்று கேட்கிறார். போன வாரம் ஒரு மத்தியானம் சின்னக்குட்டி நுரை நுரையாக வாந்தி எடுத்துத் துவண்டு விழுந்தது. ஈரத்துண்டைச் சுற்றி வைத்திருந்தார். இரவுக்குள் எழுந்துவிட்டது, ஆனால் அன்றிலிருந்து கொஞ்சம் மந்தம். தயிர்சாதம் கொடுத்து வருகிறார், மருத்துவரிடம் காட்டவில்லை.

இதற்கு நடுவில், எலுமிச்சை மரத்தில் ஆளுயரக் கிளை ஒன்றில் ஹம்மிங்பேர்ட் கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்திருக்கிறது. இலை மறைப்பதால் நாலைந்து இலைகளைக் கழித்துவிட்டு ஃப்ளாஷ் போட்டுப் படமெடுக்கலாமா, குட்டிகள் அடியில் நின்று குரைப்பதால் கூட்டைக் கிளையோடு வெட்டி உயரத்தில் கட்டிவிடலாமா, குஞ்சுகள் பறந்த பிறகு பேத்தி அந்தக் கூட்டைப் பள்ளிக்கு எடுத்துப் போகலாமா என்று மூன்று கேள்விகள். ஃபீடரில் வெள்ளைச் சீனிக்குப் பதிலாகத் தேனும் நாட்டுச்சர்க்கரையும் கரைத்து ஊற்றுகிறார். ஒழுகுவதைக் குட்டிகள் நக்குகின்றன. ஃபீடர் அல்லது குட்டிகள், இரண்டில் ஒன்றுதான் இந்த வீட்டில் இருக்கலாம் என்று மருமகன் சொல்லிவிட்டாராம். "எதை விடுவது, டாக்டர்?" என்று முடித்திருக்கிறார்.

பதில்

ஐயா, எதையும் விட வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் மாற்றினால் போதும். குட்டிகள் வீட்டுக்குள் இருக்கட்டும், சிட்டுகள் வெளியே இருக்கட்டும், நீங்கள் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் உட்காருங்கள். அதை விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் சின்னவனை மருத்துவரிடம் காட்டுங்கள்

இதைப் படித்ததும் மகளைக் கூப்பிட்டு, இன்றே நேரம் வாங்கச் சொல்லுங்கள். அன்று நடந்தது வெயில் தாக்கு என்றுதான் நானும் சந்தேகப்படுகிறேன். ஆனால் கடிதத்தை வைத்து யாரும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே ஒரு ஊசி போட்ட ஒன்பது வாரக் குட்டி வாந்தி எடுத்து மந்தமாக இருந்தால், நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்குகிற பார்வோ வைரஸ் இல்லை என்று பார்த்துத் தெளிந்தாக வேண்டும். மலத்தைச் சோதித்துச் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுவார்கள். அது பார்வோவாக இருந்தால் பெரியவனுக்கும் தொற்றும்.

வெயில் தாக்காகவே இருந்தாலும், எழுந்து நடந்துவிட்டான் என்பதோடு விஷயம் முடிவதில்லை. உடல் அளவுக்கு மீறிச் சுட்டால் குடல், கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் உறையும் தன்மை எல்லாம் அடிபடும். அந்தச் சேதம் அடுத்தடுத்த நாட்களில் மெல்ல வெளியே தெரியும். ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். தயிர்சாதம் தவறில்லை, ஆனால் அது இதற்கு மருந்து ஆகாது.

ஈரத்துண்டு சுற்றியது நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் சுற்றிய துண்டு சீக்கிரமே சூடாகி, உடம்பின் வெப்பத்தை வெளியே விடாமல் போர்வைபோல் பிடித்துக்கொள்ளும். இனி அப்படி நேர்ந்தால் உடனே ஏசி அறைக்குள் தூக்கிப் போங்கள். உடம்பு முழுக்க, குறிப்பாக வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறியைப் போடுங்கள். கொஞ்சம் தணிந்ததும், குட்டி தேறிய மாதிரி தெரிந்தாலும், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தோட்டத்து ஹோஸ் தண்ணீரை மட்டும் அப்படியே பீய்ச்சாதீர்கள். வெயிலில் கிடந்த குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சுட்டிருக்கும். சமையலறைத் தண்ணீர்தான் சரி.

நம்மூர் நாயும் அந்த ஊர் வெயிலும்

கத்திரியில் நம்மூர் நாய் தெருவில் கிடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எங்கே கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வாழை மரத்தடியில், தண்ணீர்த் தொட்டி ஓரத்து ஈரமண்ணில், குழி பறித்து வயிற்றை அதில் பதித்துக் கிடக்கும். இடம் சுட்டால் எழுந்து வேறு இடம் போகும். அது வளர்ந்த நாய், அந்த ஊரிலேயே பிறந்து தப்பிப் பிழைத்த நாய். தப்பாத குட்டிகளை நாம் எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். உங்கள் கொல்லைப்புறமோ சிமெண்டுத் தளம், சரளைக்கல், சுற்றிலும் கல்சுவர். அங்கிருந்து அந்தக் குட்டிகள் எங்கேயும் போக முடியாது.

வெயிலும் வேறு. 2023-இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் 110 ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸை, எட்டியது அல்லது தாண்டியது. 2024-இல் தொடர்ந்து 113 நாட்கள் பகல் உச்ச வெப்பம் 100 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை.

மின்விசிறியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நம்பித்தான் நீங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், காற்று பட்டால் வியர்வை காய்ந்து குளிரும். நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டும்தான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றும். அதன் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 செல்சியஸ். வெளிக்காற்று 43 என்றால் விசிறி செய்வது உலைக்குத் துருத்தி ஊதுகிற வேலை. நிழலில் இருந்தாலும் இதே கதைதான். அதனால் கோடை முடியும்வரை தாழ்வாரம் வேண்டவே வேண்டாம், ஐயா. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜூலை மத்தியானத்தில் தாழ்வாரத்திலிருந்து தூக்கி வந்த குட்டிகளை மேசையில் கிடத்திக் காப்பாற்ற முடியாமல் நின்றிருக்கிறேன். அந்த வீட்டார் எல்லோருமே தண்ணீரும் விசிறியும் வைத்திருந்தார்கள்.

கம்பளத்துக்கு வழி இருக்கிறது. கம்பளம் இல்லாத சமையலறைப் பக்கம் மடக்குத் தடுப்பு வைத்து ஓர் இடம் ஒதுக்குங்கள். ஒரு மூலையில் சிறுநீர் உறிஞ்சும் விரிப்பு, இன்னொரு மூலையில் படுக்கை. இந்த வயதில் அவற்றால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிப்போய் விரிப்பில் விடுங்கள். போனதும் உடனே பாராட்டுங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பைக் கட்டி ஆண்டவர் நீங்கள், உங்களுக்கு இது வசப்படும். வெளியே விடுவதென்றால் விடியலில் மட்டும். அப்போதும் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்கவில்லை என்றால் அந்தப் பாதமும் தாங்காது.

கூட்டை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது

நீங்கள் கடிதம் முழுக்கத் தேன்சிட்டு என்றே எழுதியிருக்கிறீர்கள். முருங்கைப்பூவில் நாம் பார்க்கும் தேன்சிட்டு வேறு குடும்பம். இது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிற ரீங்காரச் சிட்டு. நம்மூர் உழவாரன் குருவிதான் இதற்குக் கிட்டத்து உறவு. உங்கள் பகுதியில் அன்னா சிட்டு வருஷம் முழுக்க இருக்கும். கோடையில் கறுந்தாடைச் சிட்டும் வந்து கூடு கட்டும்.

அமெரிக்காவில் 1918-இல் வந்த இடம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் இந்தச் சிட்டுகளையும் காக்கிறது. முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டை அனுமதியில்லாமல் நகர்த்துவது குற்றம். நம் வீடு, நம் மரம் என்பது அங்கே செல்லாது. காலியான கூட்டையோ உதிர்ந்த இறகையோ எடுத்து வைத்துக்கொள்வதற்கும் அனுமதி வேண்டும். பேத்தியிடம் இதைச் சொல்லுங்கள், எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். கூட்டின் படத்தைப் பள்ளிக்கு எடுத்துப் போக எந்தத் தடையும் இல்லை. தாத்தா எடுத்த படம் என்றால் அவளுக்கும் பெருமை.

சட்டம் இல்லாவிட்டாலும் இலைகளைக் கழிக்கச் சொல்ல மாட்டேன். படத்துக்கு மறைப்பாக உங்களுக்குத் தெரிகிற அந்த இலைகள்தான் குஞ்சுகளுக்குக் குடை. அவற்றை எடுத்தால் நேர்வெயில் கூட்டுக்குள் இறங்கும், ஒரே மத்தியானத்தில் இரண்டும் செத்துப்போகும். இறகு முளைக்காத குஞ்சுக்கு வெயிலைத் தாங்க வேறு வழியே கிடையாது. ஆண் சிட்டு கூட்டுப்பக்கம் உதவிக்கு வராது. சிலந்தி நூலையும் பஞ்சையும் சேர்த்துப் பாதி எலுமிச்சை மூடி அளவுக்குக் கூடு கட்டியது தாய் ஒருத்தி. அடைகாப்பதும் ஊட்டுவதும் அவள்தான். நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கேமராவோடு நின்றால் அவள் கிளைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருப்பாள். அந்த நேரமெல்லாம் குஞ்சுகள் பட்டினி. கூட்டுப்பக்கம் ஃப்ளாஷும் வேண்டாம்.

பொரித்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் பறந்துவிடும். அதுவரை மரத்தைச் சுற்றி இடுப்பளவுக்குத் தற்காலிக வலை வேலி கட்டிவிட்டால் குட்டிகள் அடிமரத்துக்குப் போகாது. குஞ்சு கீழே விழுந்திருந்தால், மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்ற பேச்சை நம்ப வேண்டாம். இறகில்லாத குஞ்சை மெதுவாகக் கூட்டில் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து பாருங்கள். தாய் வரவில்லை, அல்லது குஞ்சுக்கு அடிபட்டிருக்கிறது என்றால் உரிமம் பெற்ற வனஉயிர் பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள். நீங்களே வைத்து வளர்ப்பதற்குச் சட்டம் இடம் தராது, அந்தக் குஞ்சும் பிழைக்காது.

சீனிதான் சரி

இதைச் சொன்னால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரியும், அக்கறையோடுதான் தேனும் நாட்டுச்சர்க்கரையும் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் வெள்ளைச் சீனி கெடுதல் என்பது உட்கார்ந்து வேலை பார்க்கிற நமக்கு. இந்தச் சிட்டு விநாடிக்கு ஐம்பது தரம்போல் சிறகடிக்கிற உயிர். பூந்தேனில் அதிகமாக இருப்பது எதுவோ அதேதான் வெள்ளைச் சீனி. நாட்டுச்சர்க்கரையில் உள்ள இரும்புச்சத்து நமக்கு நல்லது, அதற்குக் கேடு. தேனைத் தண்ணீரில் கரைத்தால் வெயிலில் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும்.

ஒரு பங்கு சீனி, நாலு பங்கு தண்ணீர். சிவப்புச் சாயம் வேண்டாம், ஃபீடரின் சிவப்பே போதும். இந்த வெயிலில் தினமும் கொட்டிவிட்டு வெந்நீரில் தேய்த்துக் கழுவிப் புதிதாக ஊற்றுங்கள். அதற்கேற்ப அரை டம்ளர் மட்டும் ஊற்றினால் வீணாகாது. நிழலில் மாட்டுங்கள், ஒழுகாத தட்டு வகை ஃபீடராக மாற்றுங்கள். குட்டிகள் நக்கும் சிக்கல் அதோடு தீரும். எறும்பும் தேனீயும் குறையும், தேனீயைக் கவ்வப்போய் மூக்கில் கொட்டு வாங்குவதும் குறையும்.

இன்னொன்று. சர்க்கரை நோய்க்காக வீட்டில் மாற்று இனிப்பு ஏதாவது வைத்திருந்தால், டப்பாவில் சைலிட்டால் என்றோ பிர்ச் சுகர் என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு அது கொடிய விஷம். சிட்டுக்கும் அதனால் எந்தப் பலமும் கிடையாது.

படம் எடுக்க உங்களுக்கு ஒரு யோசனை

அன்னா சிட்டு ஆணின் கழுத்திலும் தலையிலும் மின்னுகிற ரோஜா நிறம் சாயம் அல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் தப்பினால் அதே பறவை கறுப்பாகத் தெரியும். அதனால் உங்களுக்குத் தேவை ஃப்ளாஷ் அல்ல, முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிற தாழ்ந்த சூரியன். ஜூன் மாதத்தில் அங்கே ஐந்தரைக்கு முன்பே விடிந்துவிடும். அந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான் ஒளி நன்றாக இருக்கும், சிட்டுகளும் பசியோடு வரும், குட்டிகளுக்கும் தரை சுடாது. எட்டு மணிக்கு மேல் உங்களுக்கும் அந்த இரண்டு குட்டிகளுக்கும் வெளியே வேலை இல்லை.

கிழக்கு வெளிச்சம் விழுகிற கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கண்ணாடியிலிருந்து மூன்றடிக்குள் ஃபீடரை மாட்டுங்கள். அவ்வளவு கிட்டத்தில் இருந்தால் மோதினாலும் அடிபடும் வேகம் இருக்காது. வெயில் ஏறியதும் நிழல் விழும்படி மேலே ஒரு மறைப்பு போதும். கதவைத் துடைத்து, உள்ளே விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியை ஒட்டி நேராக வைத்து எடுங்கள். சிறகு உறைந்து நிற்க வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/2000 விநாடியோ அதைவிட வேகமாகவோ வேண்டும், அதற்கு ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, தயங்காமல் ஏற்றுங்கள். 1/250-இல் எடுத்தால் சிறகு புகைபோல் கலைந்து, உடல் மட்டும் தெளிவாக வரும். எனக்கு அந்தப் படம்தான் அதிகம் பிடிக்கும். ஃபீடருக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த குச்சியைக் கட்டி வையுங்கள். ஃபீடரைத் தன்னுடையது என்று காவல் காக்கிற ஆண் திரும்பத் திரும்ப அதே குச்சியில் வந்து உட்காரும், ஃபோகஸை அங்கே வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். காலையில் கொஞ்ச நேரம் மெல்லிய நீர்த்தூவலைத் திறந்துவிட்டால் அதில் குளிக்கவும் வரும். கூட்டைப் படமெடுக்க ஆசை என்றால் தூரத்திலிருந்து, 300 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸில், ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டு வந்துவிடுங்கள். இலை கொஞ்சம் மறைக்கட்டும்.

கொல்லையில் இன்னும் கவனிக்க வேண்டியவை

பீனிக்ஸ் வீடுகளில் வேலியாக அரளி வைத்திருப்பார்கள். நம் ஊர்க்காரருக்கு அரளியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உண்ணிப்பூவுக்குச் சிட்டுகள் வரும், ஆனால் அந்தச் செடியும் நாய்க்கு ஆகாது. இரண்டும் உங்கள் கொல்லையில் இருந்தால் குட்டிகள் எட்டாதபடி தடுப்பு வையுங்கள். புதிதாக நடுவதென்றால் அந்தப் பாலைக்கே உரிய சுப்பரோசா என்ற புதர்ச்செடி நல்லது, சிட்டுகளுக்குப் பிரியமானது.

ஜூன் நடுவிலிருந்து அங்கே பருவமழைக் காலம். மழை தொட்டதும் சொனோரா பாலைத் தேரை வெளியே வரும், உள்ளங்கை நிறைய இருக்கும். அதைக் கவ்விய குட்டி நுரை தள்ளும், தள்ளாடும், வலிப்பு வரும், செத்தும் போகலாம். சின்னவன் நுரையாக வாந்தி எடுத்தான் என்றதும் எனக்கு இதுவும் மனதில் ஓடியது, மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படிக் கவ்வினால் தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வெளியே வழியும்படி வாயைக் கழுவிவிட்டு உடனே ஓட வேண்டும். இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே விடாதீர்கள், தேரை தேடி வரும். அந்த மண்ணில் பள்ளத்தாக்குக் காய்ச்சல் தருகிற பூஞ்சையும் உண்டு. குட்டிகள் மண்ணைத் தோண்டி முகர்வதைத் தடுங்கள். விடாத இருமல், நொண்டல், எடைக் குறைவு தெரிந்தால் காட்டுங்கள்.

தடுப்பூசி ஒன்று போட்டதோடு முடியவில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளை மழுங்கடித்துவிடலாம், அதனால்தான் 16 வாரம் ஆகும்வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு தரம் போடுகிறோம். அதுவரை நாய்ப்பூங்கா வேண்டாம், கையில் தூக்கிக்கொண்டு ஆட்களையும் சத்தங்களையும் பழக்குங்கள். உங்கள் ஊர் பீனிக்ஸ் அடங்கிய மாவட்டமான மேரிகோபா கவுண்டிக்குள் இருந்தால் மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசியும் நாய் உரிமமும் கட்டாயம். அப்புறம், இரண்டும் உடன்பிறந்தவை என்பதால் தினமும் கொஞ்ச நேரமாவது தனித்தனியாகப் பிரித்து விளையாடுங்கள், தனித்தனியாகத் தூங்க வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றை விட்டு ஒன்று இருக்க முடியாமல் வளர்ந்து, பின்னால் நீங்கள் சொல்வதைக் கேட்காமல் போகலாம்.

மருமகனிடம் கேளுங்கள்

அவர் கோபத்தில் சொல்லியிருந்தாலும், பகலெல்லாம் தனியாக இரண்டு குட்டிகளைப் பார்த்துக்கொள்வது 66 வயதில் லேசான வேலை இல்லை. அதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. வீட்டில் சொல்லுங்கள். மடக்குத் தடுப்பு, இரண்டு படுக்கைக் கூண்டு, எலுமிச்சை மரத்துக்கு வலை வேலி, ஒழுகாத ஃபீடர், இவை நான்கையும் இந்தச் சனிக்கிழமைக்குள் வாங்கித் தரக் கேளுங்கள். மத்தியானம் ஒரு மணி நேரம் வந்து குட்டிகளைப் பார்க்க ஆள் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள், நீங்களும் கொஞ்சம் படுக்கலாம். ஃபீடரைச் சில நாள் கழற்றி வைக்க வேண்டி வந்தாலும் கலங்காதீர்கள். சிட்டுகள் பூக்களிலும் சிறு பூச்சிகளிலும் பிழைத்துக்கொள்ளும், மறுபடி மாட்டியதும் வந்துவிடும்.

சின்னவனைக் காட்டிவிட்டு வந்ததும் மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். கறுந்தாடைச் சிட்டின் படம் ஏதாவது நன்றாக வந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.